பழைய புல்லட்டைக் கஃபே ரேசர் ஆக்க ஒரு வழி: சேஸிஸை வெட்டாமல்

கஃபே ரேசர் என்றதும் எல்லோர் கண்ணிலும் முதலில் நிற்பது தாழ்ந்த ஹேண்டில்பாரும், பின்பக்கம் சின்னத் திமில் வைத்த ஒற்றை சீட்டும்தான். வேலையையும் பலர் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். கிரைண்டரால் பின் சேஸிஸை அறுத்து, சீட் போட்டு, டேங்குக்குப் பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் கையில் இருந்த பணம் தீர்ந்துவிடும். பிரேக் பழையபடியே இருக்கும். வயரிங் ஒட்டுப் போட்டபடி தொங்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டினால் மணிக்கட்டு வலிக்கும். கொஞ்ச நாளில் வண்டி ஷெட்டுக்குள் போய்விடும். இப்படிப் பாதியில் நிற்கும் வண்டிகளை எந்த ஊர்ப் பட்டறையிலும் பார்க்கலாம்.

நான் சொல்லும் வரிசை வேறு. வண்டி முதலில் ஒழுங்காக ஓட வேண்டும். அடுத்து, பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும். அதன்பிறகு உட்காரும் வாகு. பெயிண்டும் மினுக்கும் கடைசி. இதோடு ஒரு நிபந்தனை: சேஸிஸில் எங்கும் வெட்டோ வெல்டிங்கோ கூடாது. மாட்டுவதையெல்லாம் நட்டு போல்ட்டில் மாட்டுங்கள். நாளைக்கு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றி, வண்டியைப் பழைய உருவத்துக்கே கொண்டுபோக முடிய வேண்டும்.

உதாரணத்துக்கு ராயல் என்ஃபீல்டின் காஸ்ட் அயர்ன் எஞ்சின் புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பாணி பிறந்தது 1950, 60-களின் இங்கிலாந்தில். லண்டன் நார்த் சர்குலர் ரோட்டில் 1938-இல் திறந்த ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள், தெருவில் ஓடும் வண்டியின் வேண்டாத கனத்தையெல்லாம் கழற்றிவிட்டு, ரேஸ் வண்டி மாதிரி குனிந்து ஓட்டும்படி மாற்றினார்கள். மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவது அவர்கள் கனவு. நார்ட்டனின் ஃபெதர்பெட் சேஸிஸில் டிரையம்ப் எஞ்சினை ஏற்றிய ‘டிரைட்டன்’ அந்தக் காலத்தில் பேர்போன வண்டி. ராயல் என்ஃபீல்டும் 1964-இல் கான்டினென்டல் ஜிடி 250 என்று ஃபேக்டரியிலிருந்தே ஒரு கஃபே ரேசரை இறக்கியது. அதே பெயரில் 2013-இல் 535 சிசி வண்டி வந்தபோது, அது தயாரானது சென்னையில். புல்லட் 1955 முதல் மெட்ராஸோடு ஒட்டிய வண்டி. ஆகவே அதை இந்த உருவத்துக்குக் கொண்டுபோவதில் வம்சத்துக்கு வெளியே எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். இந்த எஞ்சின் 346 சிசி, சுமார் 18 குதிரைத்திறன். 160 கிலோமீட்டர் வேகத்துக்கு இது ஆகாது. 70, 80-இல் குனிந்து, வளைவுகளில் சுகமாகப் போவதற்கான வண்டியாக இதைக் கட்டுங்கள்.

வண்டியும் காகிதமும்

ஒரிஜினல் பாகங்கள் அப்படியே இருக்கும் ஆர்எக்ஸ் 100-ஐயோ ராஜ்தூத் 350-ஐயோ இதற்கு எடுக்காதீர்கள். அவை அப்படியே காப்பாற்றப்பட வேண்டிய வண்டிகள். ஏற்கெனவே மட்கார்டு மாறி, சைலன்சர் மாறி, இரண்டு மூன்று கை பட்டுக் கிடக்கும் புல்லட்தான் இந்த வேலைக்குச் சரியான வண்டி. பார்க்க அழுக்காக இருக்கலாம், சேஸிஸ் நேராக இருக்க வேண்டும். ஆளைப் பின்னால் நிறுத்தி இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்டில் தண்டை ஒட்டி சேஸிஸில் பொறித்த எண்ணும், எஞ்சின் கேஸில் உள்ள எண்ணும் ஆர்சி புக்கோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தவில்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

சட்டத்தைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் பதிந்த விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டுமே என்கிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் சேலை கார்டு ஆகியவையும் விதிப்படி இருந்தாக வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ முன் நிறுத்த வேண்டியிருக்கும்.

திருப்பிக் கழற்ற முடியும் என்பதாலேயே ஒரு மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது. ஆகவே என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, வேலைக்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு இடம் உண்டு. கஃபே ரேசரின் அழகில் பெரும்பங்கை விதிக்குள்ளேயே கொண்டுவரலாம் என்பது என் நம்பிக்கை. கீழே சொல்லும் வேலைகளையும் அதற்கேற்பவே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

கழற்றும் முன்

நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் கேபிள் போகும் வழியையும் கிட்டே போய் எடுங்கள். கழற்றும் போல்ட்டை அந்தந்தப் பாகத்தோடு ஒரு ஜிப் கவரில் போட்டு, மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகம் எதையும் விற்காதீர்கள். ஸ்பானர் செட், சாக்கெட் செட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், ஒரு நல்ல ஜாக்கி இருந்தால் முக்கால்வாசி வேலை வீட்டிலேயே முடியும். லேத், வெல்டிங், பெயிண்ட் ஆகிய மூன்றுக்கும் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். உதிரிப் பாகங்களுக்குச் சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையையும் ஜிபி ரோட்டையும் ஒரு சுற்று சுற்றினால் போதும்.

பட்ஜெட்டில் பாதியை எஞ்சின், பிரேக், டயர் என்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மீதியில்தான் சீட், ஹேண்டில், பெயிண்ட்.

முதலில் ஓடட்டும்

ரொம்ப நாள் நின்ற புல்லட்டில் எஞ்சின் எண்ணெய், எண்ணெய் டேங்கிலிருந்து கிராங்க் கேஸுக்குள் மெல்ல இறங்கித் தேங்கியிருக்கும். அதை வடிக்காமல் கிக் அடிக்காதீர்கள். பழைய எண்ணெய் முழுவதையும் எடுத்து, ஃபில்டரை மாற்றி, புது எண்ணெய் ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும், வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் சின்னக் குழாயின் போல்ட்டை ஒரு சுற்று தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியவில்லையென்றால் உடனே எஞ்சினை அணைத்துவிட்டுப் பம்பைப் பாருங்கள்.

இக்னிஷன் பாயிண்ட் (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சின்ன ஸ்விட்ச்) இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜை நுழைத்தால் லேசாக உரசிப் போக வேண்டும். டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி) செட் பண்ணுவதை எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். டேப்பெட் கவரைத் திறந்து, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ராக்கரைத் தள்ளும் புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் சரியான செட்டிங். ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் அப்புறம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். மாட்டினால் காற்று அதிகமாக உள்ளே போகும், பெட்ரோல் அதே அளவுதான் வரும், எஞ்சின் சூடாகும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரியாக இருந்தால் அதிகம், வெளிர் பழுப்புதான் சரி. நம் ஊர்த் தூசிக்கும் மழைக்கும் ஒரிஜினல் பெட்டியே நல்லது என்பது என் கருத்து. புதிதாகச் செய்பவர்கள் அதைத் தொடாமல் விடுங்கள்.

அடுத்தது பிரேக்

எடுத்த எடுப்பிலேயே டிஸ்க் மாட்ட ஓட வேண்டாம். டிரம் பிரேக்கையே ஒழுங்காகச் சரிசெய்தால் இந்த வேகத்துக்கு வேலை செய்யும். ரொம்பப் பழைய புல்லட்களில் சிங்கிள் லீடிங் (ஒரு ஷூ மட்டும் முழுப் பலத்தோடு பிடிப்பது), பின்னால் வந்தவற்றில் 7 அங்குல ட்வின் லீடிங் (இரண்டு ஷூவும் அப்படிப் பிடிப்பது) டிரம் இருக்கும். ட்வின் லீடிங்கில் ஷூவைத் தள்ளும் கேம் இரண்டு இருக்கிறது, இரண்டையும் ஒரு இணைப்பு ராட் இணைக்கிறது. அந்த ராடின் நீளம் தப்பாக இருந்தால் ஒரு ஷூ மட்டும் தொடும், இன்னொன்று சும்மா இருக்கும். பாதிப் பேர் ‘புல்லட் பிரேக்கே இப்படித்தான்’ என்று சொல்வது இதனால்தான்.

சரிசெய்வது சுலபம். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். இணைப்பு ராடைக் கழற்றுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இரண்டு கேம் லீவர்களையும் தனித்தனியாகக் கையால் தள்ளி, ஒவ்வொரு ஷூவும் டிரம்மைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு லீவர்களும் அந்தத் தொடும் நிலையில் இருக்கும்போது ராடின் நீளம் எவ்வளவோ, அந்த அளவுக்குத் திருகி மாட்டிவிடுங்கள். அதற்கு முன் டிரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமன்படுத்தி, புது ஷூ போட்டிருக்க வேண்டும். கேபிளும் புதிதாக இருக்கட்டும்.

டயரில் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ரப்பர் கல்லாகிப்போன டயரில் குனிந்து ஓட்டி வளைவில் சாய்க்கக் கூடாது. ஸ்போக்குகளை ஒரு ஸ்பானரால் தட்டிக்கொண்டே வாருங்கள். மந்தமாகச் சத்தம் வரும் கம்பி தளர்ந்திருக்கிறது.

முன் சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்வது போல இருந்தால் ஸ்டீயரிங் பால் ரேஸ் (ஹேண்டில் சுழலும் பேரிங்) போய்விட்டது. மாற்றுங்கள். ஃபோர்க் ஆயிலையும் மாற்றுங்கள், ஸ்விங் ஆர்ம் புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உட்காரும் வாகு

கஃபே ரேசரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கை, இடுப்பு, கால் வைக்கும் மூன்று இடங்களும் ஒரு முக்கோணம். ஹேண்டிலை மட்டும் தாழ்த்திவிட்டு ஃபுட்ரெஸ்ட்டை முன்னாலேயே விட்டால், கால் உடம்பைத் தாங்காது. மேல் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டிலும் முதுகிலும் இறங்கும். ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்குக் கீழே வந்துவிட்டால் தொடையும் காலும் பாரத்தை வாங்கிக்கொள்ளும், கை லேசாகிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஹேண்டிலுக்கு இரண்டு வழி. கிளிப்-ஆன் என்பது ஃபோர்க் குழாயையே கவ்விப் பிடிக்கும் இரண்டு துண்டுக் கைப்பிடி. ஸ்டாண்டர்டு புல்லட்டில் ஹெட்லைட் உட்காரும் வார்ப்பே ஃபோர்க்கின் தலையாகவும் இருக்கிறது, அதற்குக் கீழே குழாயைக் கவர் மூடியிருக்கிறது. கிளிப்-ஆன் வேண்டுமென்றால் அந்த முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கண்ணிமை வைத்த ஹெட்லைட் முகத்தை எடுத்துவிட்டால் அது புல்லட்டாகவே தெரியாது. நான் சொல்வது ஏஸ் பார். ஒரே கம்பி, முன்னால் போய்க் கீழே வளைந்து திரும்பும். ஒரிஜினல் கிளாம்பிலேயே உட்காரும். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நசுங்கக் கூடாது. கிளட்ச், ஆக்சிலரேட்டர், டீகம்ப்ரஷன், பிரேக் கேபிள் எல்லாம் இப்போது நீளம் அதிகமாகி வளையமாக நிற்கும். அளந்து குட்டையான கேபிள் செய்துகொள்ளுங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது எஞ்சின் ஐடில் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

பின்னால் தள்ளிய ஃபுட்ரெஸ்ட்டுக்கு, சேஸிஸில் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளைப் பிடித்து நிற்கும் கனமான இரும்புத் தகட்டை லேத் பட்டறையில் வெட்டி வாங்கலாம். 100 முதல் 150 மில்லிமீட்டர் பின்னால் போனாலே போதும். முதலில் அட்டையில் வெட்டி, வண்டியில் உட்கார்ந்து பார்த்து, அப்புறம் இரும்புக்குப் போங்கள். பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். கியர் லீவருக்கு இரண்டு முனையிலும் பால் ஜாயிண்ட் வைத்த ராட் வேண்டும். எஞ்சினில் உள்ள லீவரும் காலால் தொடும் லீவரும் ஒரே திசையைப் பார்த்து நின்றால் கியர் வரிசை மாறாது, முதல் கியர் மேலே, மற்றவை கீழே என்று பழையபடியே இருக்கும். எதிரெதிராக நின்றால் வரிசை தலைகீழாகிவிடும். அவசரத்தில் காலுக்குப் பழகிய பக்கம் தப்பான கியர் விழுவது ஆபத்து. அதனால் ஒரே திசையில் வையுங்கள்.

பலர் மறப்பது கிக்கரை. அதுவும் வலது பக்கம்தான். பின்னால் நகர்ந்த ஃபுட்ரெஸ்ட் சரியாக அதன் வழியில் வந்து நிற்கும். மடங்கும் ஃபுட்ரெஸ்ட் போட்டால் மடக்கிவிட்டுக் கிக் அடிக்கலாம். தகடு வெட்டும் முன்பே கிக்கரைக் கையால் முழுதாக அழுத்தி அது போகும் வழியைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பிரேக் ராடைக் குட்டையாக்க வேண்டும், பெடலை விட்டதும் தானாக மேலே வரும்படி ஸ்பிரிங் பலமாக இருக்க வேண்டும்.

சீட்டுக்கு வருவோம். சீட்டைத் தொடும் முன், ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுக்குப் பின்னால் மட்கார்டைத் தாங்கும் குழாய்கள் எப்படிப் பிடித்திருக்கின்றன என்று பாருங்கள். போல்ட்டில் இருப்பதைக் கழற்றலாம், வெல்டில் இருப்பதை அப்படியே விடுங்கள். விதிக்குள் நிற்க, மெல்லிய தட்டையான இருவர் சீட் செய்து, அதன் பின்பாதி மேல் கழற்றி மாட்டும் திமிலை வைப்பது என் யோசனை. தனியாகப் போகும்போது திமில், யாராவது கூட வந்தால் கழற்றிவிடலாம்.

அடித்தளத்தை ஃபைபர் கிளாஸில் வீட்டிலேயே செய்யலாம். சேஸிஸ் மேல் டேப் ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாளை விரித்து, கண்ணாடி இழை விரிப்பை (மேட்) மூன்று நான்கு அடுக்காக ரெசின் தடவிப் போடுங்கள். காற்றுக் குமிழி இல்லாமல் பிரஷ்ஷால் அழுத்த வேண்டும். காற்றோட்டமான இடம், முகமூடி, கையுறை மூன்றும் கட்டாயம். இறுகியதும் எடுத்து ஓரம் வெட்டி, அடியில் ரப்பர் புஷ் வைத்து போல்ட்டில் நிறுத்துங்கள். மேலே 40 மில்லிமீட்டர் கெட்டியான ஃபோம் போட்டு ரெக்ஸின் தைக்கக் கொடுங்கள். பஞ்சு மாதிரி மெத்தென்ற ஃபோம் அரை மணி நேரத்தில் அமுங்கிவிடும்.

சீட்டை முடிக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு ஷாக்கையும் கழற்றி, அவை முழுதாக அமுங்கினால் எவ்வளவு நீளம் வருமோ அந்த அளவுக்குச் சக்கரத்தை மேலே தூக்கிப் பாருங்கள். டயர் மட்கார்டையோ சீட்டின் அடியையோ வயரையோ தொட்டால், பள்ளத்தில் இறங்கும் முதல் நாளே கிழிந்துவிடும்.

சைலன்சரும் வயரிங்கும்

சைலன்சரில் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே தடுப்பு உள்ளதை மட்டும் போடுங்கள். சத்தம் கேட்டு போலீஸ் பறிமுதல் செய்தால் திரும்பி வராது, அதைவிட அக்கம்பக்கத்தில் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பில் துணிப்பட்டை சுற்றுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம்.

வயரிங்கில் பொறுமை வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. கிரிம்ப் கனெக்டர், மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய், பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ். வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து பல்பு வாங்குங்கள். இண்டிகேட்டர், ஹாரன், இரண்டு கண்ணாடி, பிரேக் லைட் எல்லாம் இருக்க வேண்டும். ஏஸ் பாரின் முனையில் மாட்டும் வட்டக் கண்ணாடி இந்த வண்டிக்கு அழகாகவும் இருக்கும், பின்னால் வருவதும் நன்றாகத் தெரியும்.

ஓட்டிப் பார்த்து, அப்புறம் பெயிண்ட்

டேங்க் துருவோடும் பழைய பெயிண்டோடும் இருக்கும்போதே வண்டியைச் சில வாரம் ஓட்டுங்கள். புல்லட்டின் அதிர்வு எந்த போல்ட்டையும் சோதித்துவிடும். முதல் நாள் ஊருக்குள்ளேயே, வேகம் கூட்டாமல். திரும்பி வந்ததும் ஃபுட்ரெஸ்ட் தகடு, ஹேண்டில் கிளாம்ப், ஆக்ஸில் நட்டு, சைலன்சர் பிடி என்று ஒவ்வொன்றிலும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். தளரும் இடத்தில் நைலான் வளையம் வைத்த லாக் நட்டோ திரெட் லாக்கோ போடுங்கள். மணிக்கட்டு இன்னும் வலித்தால் ஹேண்டிலைச் சற்று மேலே திருப்புங்கள், முட்டி டேங்கில் இடித்தால் தகட்டில் இன்னொரு துளை போடுங்கள். பெயிண்ட் அடித்தபிறகு இந்த வேலைகளைச் செய்யக் கை வராது, கீறல் விழுமோ என்ற பயத்திலேயே விட்டுவிடுவோம்.

வண்டி உடம்புக்குப் பொருந்திவிட்டது என்று தெரிந்தபிறகு டேங்கைக் கழற்றுங்கள். உள்ளே துரு இருந்தால் வினிகர் ஊற்றி ஊறவைத்துக் கழுவி, உடனே காயவைத்து, கொஞ்சம் எண்ணெயைச் சுழற்றிவிடுங்கள். ஓட்டை இருந்தால் அதைத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். பெட்ரோல் இருந்த டேங்கின் மேல் வெல்டிங் வைப்பது உயிருக்கே ஆபத்து, காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். டிங்கரிங் முடித்து, பிரைமர், பெயிண்ட், கிளியர் கோட் என்று அடுக்குகளுக்கு நடுவே காய நேரம் கொடுக்கும் பெயிண்டராகப் பார்த்துக் கொடுங்கள். ஆர்சியில் உள்ள நிறத்திலேயே அடித்தால் வேறு வேலை இல்லை. வேறு நிறம் வேண்டுமென்றால் அடிப்பதற்கு முன் ஆர்டிஓ-விடம் விண்ணப்பித்து, ஆர்சியில் நிறத்தை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.